ஒரு மூச்சு முன்னால்

மெய்லெக் சவரம் செய்துகொண்டிருந்தான். நான் குளியலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அவனுக்கு வசனம் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முழுக்க ஆங்கிலம். படக் கதையில் மகன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டான்; கிழத் தகப்பன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து புலம்புகிறான். நான் சொல்லச் சொல்ல அவன் கத்தியைக் கழுத்தோடு இழுத்தபடி திருப்பிச் சொன்னான். நான் சொன்னால் அது வெறும் சொல். அவன் வாயில் போய் வந்ததும் அதே சொல்லுக்கு ஒரு வீடும், கதவும், அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு போன ஒரு பிள்ளையும் வந்துவிடும். அந்த வித்தையை என்னால் இன்றுவரை விளக்க முடியாது. கடைசியில் அவன் கத்தியை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னன்னு நீ சொல்லு."

"தெரிஞ்சா உன்னை எதுக்குடி கேக்கறேன்?"

"டீ ஆறிப்போச்சு. குடி. அவ்வளவுதான். சின்னக் குழந்தைகூட சொல்லும்."

"சின்னக் குழந்தையையே கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்று சோப்பு நுரையைத் துடைத்தான். நீளமான வசனம் கூட அவன் தலையில் ஒரு நிமிஷம் தங்கும். இந்த மாதிரிச் சின்ன வரி உடனே வழுக்கிக்கொண்டு போய்விடும்.

எனக்குத் தொண்டை எரிந்தது. போன மாதம் டாக்டர் ஒரு குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "பேசணும்னா நல்லாப் பேசுங்க. இல்லைன்னா வாயை மூடிட்டு இருங்க. இந்தக் கிசுகிசுப்பு மட்டும் கூடவே கூடாது" என்றார். சிரித்துவிட்டேன். என் பிழைப்பே கிசுகிசுப்பதுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் வசனம் எடுத்துக் கொடுப்பது இந்தப் படத்தோடு கடைசி என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மெய்லெக்கிடம் மட்டும் சொல்லவில்லை. அவன் பெயர் முதல் தடவையாகத் திரையில் எழுத்தில் வரப்போகிற நேரத்தில், என் தொண்டையைப் பற்றிப் பேச மனம் வரவில்லை.

யூதர்களான எங்கள் யிட்டிஷ் மொழி நாடகத்தில் யாரும் வசனம் மனப்பாடம் செய்ததில்லை. கேட்டால் இங்கே அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வியாழக்கிழமை காகிதம் கைக்கு வரும், வெள்ளிக்கிழமை மாலை மேடை. அடுத்த வாரம் வேறு நாடகம், வேறு ராஜா, வேறு பைத்தியக்காரன். மனப்பாடம் செய்ய யாருக்கு நேரம்? மேடையின் முன்விளிம்பில் ஒரு பொந்து இருக்கும். சபைக்குத் தெரியாமல் மேலே ஒரு மூடி. அதற்குள் ஒருவர் உட்கார்ந்து எல்லோருடைய வசனத்தையும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, நடிகனுக்கு ஒரு மூச்சு முன்னால் சொல்லிக்கொண்டே போகவேண்டும். முதல் வரிசைக்காரர்களுக்கு எல்லா வசனமும் இரண்டு தடவை கேட்கும். அவர்கள் அதைக் குறையாகச் சொன்னதில்லை. சில பெண்கள் என் குரல் கேட்கும்போதே அழுது முடித்துவிட்டு, நடிகன் சொல்லும்போது நிம்மதியாகப் பார்ப்பார்கள்.

பொந்து என் அப்பாவுடையது. போலந்தில் லோட்ஸ் நகரத்து நாடகக் கம்பெனி. சுற்றுப்பயணத்தில் ஒரு ஊரில் அவருக்குக் காய்ச்சல் கண்டு படுத்துவிட, ஆள் இல்லாமல் என்னை இறக்கினார்கள். யாருடைய கையெழுத்தாக இருந்தாலும் தடங்கல் இல்லாமல் படிப்பேன், அதுதான் என் தகுதி. அன்றைக்கு நான் முதலில் பார்த்தது ஒரு ஜோடி பூட்ஸ். வலதுகாலில் அடித்தோல் பிளந்து ஆவென்று வாயைத் திறந்திருந்தது. அதுதான் மெய்லெக் ஸ்ட்ரால். இரண்டாம் காதலன் வேஷம். மூன்றாம் அங்கத்தில் அவன் மண்டியிட்டபோது முகம் தெரிந்தது. நல்ல முகம்தான். ஆனால் பார்க்க நேரமில்லை, அடுத்த வரி காத்துக்கொண்டிருந்தது. பிறகு கல்யாணம், கப்பல், நியூயார்க், எங்கள் நாடகக் கொட்டகைகள் வரிசையாக இருந்த செகண்ட் அவென்யூ. அவன் முதல் காதலன் ஆனான், பிறகு தகப்பன், பிறகு தாத்தா. நான் அதே பொந்தில்தான் இருந்தேன்.

மரியாதை எல்லாம் எங்களுக்கு மேடையோடு சரி. வீட்டில் அவன் 'டி' போடுவான், நான் அவனை 'மடையா' என்பேன். ஜெபக்கூடத்தில் ஆண்கள் வேறு பக்கம், பெண்கள் வேறு பக்கம் என்பதால், பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் அன்று சத்தம் போட்டு ஜெபம் சொல்கிற ஆளாகப் பார்த்துத்தான் பக்கத்தில் போய் நிற்பான். கடவுளிடம் மன்னிப்புக் கேட்கவும் அவனுக்கு ஒருவர் முன்னால் சொல்லவேண்டும்.

நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகச் சினிமாவுக்குப் போன பிறகு, அவன் டெலிவிஷனில் தலைகாட்டினான். தையல்காரன், யூத மதகுரு, கல்யாண வீட்டில் அழுகிற கிழவன், ஒருமுறை இத்தாலியச் சவரக்காரன்கூட. எல்லாம் ஒன்றிரண்டு வரி, பெயர் இல்லாத ஆட்கள். வசனத்தை அவன் உள்ளங்கையில், செய்தித்தாள் ஓரத்தில், சூப்புக் கிண்ணத்தின் உட்புறத்தில் எழுதி வைப்பேன். ஒருமுறை மேஜைவிரிப்பில் எழுதியிருந்தேன். கறை என்று நினைத்து யாரோ விரிப்பை மாற்றிவிட்டார்கள். மெய்லெக் அந்த மேஜையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், பாவம். இப்போது வந்திருப்பது அப்படியில்லை. பெரிய படம். கதையில் மகனுக்கு அடுத்த பெரிய வேஷம் தகப்பனுடையது. அவனுக்கென்று ஒரு முழுப் பக்கப் பேச்சு.

படப்பிடிப்புக்கு முதல்நாள் மதியம் நடிகர்கள் கூடுகிற காப்பிக் கடைக்குப் போனோம். யோஸ்ல் கம்பின்ஸ்கி உட்கார்ந்திருந்தான். மெய்லெக்குக்கு எப்போதும் எதிரி வேஷம் போட்டவன். வாழ்க்கையிலும் அதைக் கழற்றவில்லை.

"வாங்க ஹாலிவுட்! என்னப்பா, கேமராவுக்குள்ள உன் பொண்டாட்டி உக்கார ஒரு ஓட்டை போடச் சொல்லிட்டியா?"

"உனக்கு வயிறு எரியுது. தண்ணி குடி" என்றான் மெய்லெக்.

"எனக்கென்ன? மனப்பாடம்னா என்னன்னே தெரியாதவன் நீ. அங்க போய் முழிக்கப்போறே. இவளை விடு, இவ குடுத்துவைச்சவ." என் பக்கம் கையைக் காட்டி அவனிடமே சொன்னான். "உன்னோட பெரிய ராத்திரிகளை ஊரே டிக்கெட் வாங்கிப் பார்த்துச்சு. இவ ஓசில, முன்வரிசைக்கும் முன்னால உக்காந்து பார்த்தா."

"நான் பார்த்தது காகிதத்தை" என்றேன்.

யோஸ்ல் சிரித்தான். நான் சொன்னது வேடிக்கை இல்லை. பொந்தில் இருப்பவள் கண்ணை எழுத்திலிருந்து எடுக்கக்கூடாது. எடுத்தால் வரி தவறும், வரி தவறினால் மேடை நின்றுவிடும். அவன் அழும்போது சபையே விம்மும், நான் விரலை அடுத்த வரியில் வைத்துக்கொண்டிருப்பேன். நான் அழுதால் அவன் என்ன சொல்வான்? இத்தனை வருஷத்தில் மேடையில் அவன் நடித்து நான் கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை; டெலிவிஷனில் ஒன்றிரண்டு வரியில் பார்க்க என்ன இருந்தது? ஊரில் எல்லோரும் பார்த்த என் புருஷனை நான் மட்டும் பார்க்கவில்லை. அது ஒரு குறையாக எனக்கு அதுவரை தோன்றியதும் இல்லை. வேலை என்றால் அப்படித்தான்.

மறுநாள் காலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்டுடியோவுக்குப் போனோம். இயக்குநர் நார்மன் நல்ல பிள்ளை, முப்பதைத் தாண்டியிருக்கமாட்டான். மெய்லெக்கின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "மிஸ்டர் ஸ்ட்ரால், எங்கம்மா என்னை மடியில வைச்சிட்டு உங்க நாடகம் பார்ப்பாங்க. அவங்க அழுது அழுது என் சட்டையெல்லாம் நனைஞ்சிடும்" என்றான், உடைந்த யிட்டிஷில். இந்த வேஷத்துக்குக் கலிபோர்னியாவிலிருந்து ஒரு ஆளைக் கம்பெனிக்காரர்கள் தயாராக வைத்திருந்தார்களாம். இவன் சண்டைபோட்டு மெய்லெக்கை வாங்கியிருக்கிறான். அந்தக் கம்பெனியின் ஆள் ஒருவர் கோட்டைக் கழற்றாமல் ஓரமாக நின்றிருந்தார்.

மேஜை, இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடித் தம்ளரில் டீ, சர்க்கரைக் கட்டி. தரைவரை தொங்குகிற விரிப்பு. யாரும் பார்க்காத நேரத்தில் நான் விரிப்புக்குள் நுழைந்துவிட்டேன். முட்டி கடகடவென்றது. விளக்கெல்லாம் எரிந்தது, மெய்லெக் உட்கார்ந்தான், நான் முதல் வரியைக் கொடுத்தேன், அவன் எடுத்தான். மூன்று வரி தங்கமாகப் போனது. திடீரென்று யாரோ, "நிறுத்து, நிறுத்து!" என்றார்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவு செய்த தடித்த ஐரிஷ்காரர்.

"மேஜைக்கடியில எங்கயோ கேஸ் குழாய் ஒழுகுது. இஸ்ஸுன்னு கேக்குது."

விரிப்பு தூக்கப்பட்டது. அத்தனை பேர் முகமும் கீழே குனிந்தது. நான் நாலு காலில் இருந்தேன்.

"அது என் மனைவி" என்றான் மெய்லெக், இதிலென்ன அதிசயம் என்பதுபோல.

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் என் காது சுட்டது. முதல் வரிசைக்காரர்கள் அத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டதை அந்த மைக் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. நார்மன் என்னை எழுப்பிவிட்டு, "மிஸஸ் ஸ்ட்ரால், கொஞ்சம் அந்தப் பக்கம் உக்காருங்க" என்றான். நான் இல்லாமல் எடுத்துப் பார்த்தார்கள். மெய்லெக் முதல் வரியைச் சொன்னான். இரண்டாவதில் கண் மேஜைக்கடியில் போனது. மறுபடி எடுத்தார்கள். மறுபடி. அவன் நெற்றியில் பூசியிருந்த மாவு வேர்வையில் கோடாக இறங்கியது. லோட்ஸில் கல்லெறிகிற கும்பலுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்ற ஆள், அன்றைக்குப் பரீட்சையில் முழிக்கிற பையன்போல நின்றான்.

கம்பெனி ஆள் தொலைபேசி இருக்கிற அறைப்பக்கம் நடக்க ஆரம்பித்தார். நார்மன் குரலைத் தாழ்த்தி எங்களிடம் சொன்னான்: "மத்தியானத்துக்குள்ள இது முடியலைன்னா நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஆள் உக்காந்திருப்பான். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மெய்லெக் என்னைத்தான் பார்த்தான். எல்லாவற்றுக்கும் என்னைத்தானே பார்ப்பான்.

நார்மன் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தான். பிறகு, "இந்தக் காட்சியில அம்மா படுக்கையறையில இருக்கறதா எழுதியிருக்கு. இருந்தா என்ன, இங்க வந்து உக்காரட்டுமே!" என்றான். "மிஸஸ் ஸ்ட்ரால், நீங்க அவருக்கு எதிர்ல. கேமராவுக்கு முதுகு. உதட்டை மட்டும் அசையுங்க, மூச்சுகூட வெளிய வரக்கூடாது. மிஸ்டர் ஸ்ட்ரால், உதட்டைப் பார்த்துப் படிப்பீங்களா?"

"அவ உதட்டைத் தவிர நான் வேற எதைப் படிச்சிருக்கேன்?" என்றான் மெய்லெக்.

ஒரு பெண் வந்து என் தோளில் சால்வையைப் போட்டு, பின்கொண்டையை அழகாக்கிவிட்டாள். என் முகம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, பின்னந்தலை போதும். இந்த வயதில் நானும் நடிகை ஆனேன். கையில் காகிதம் இல்லை. வரிகள் எல்லாம் எனக்கு நெட்டுரு, அவனுக்கு ஊட்டி ஊட்டி என்னுள் இறங்கிவிட்டது. பார்ப்பதற்கு எதிரே அவன் ஒருவன்தான் இருந்தான்.

விளக்கு எரிந்தது. உதட்டை அசைத்தேன். அவன் எடுத்துக்கொண்டான்.

நான் என்ன சொல்ல? குரல் எனக்குத் தெரியும். அந்தக் குரலின் ஏற்ற இறக்கம், எங்கே மூச்சு வாங்கும், எங்கே விரிசல் விடும் எல்லாம் தெரியும். அந்தக் குரலுக்கு இப்படி ஒரு முகம் உண்டு என்று எனக்குத் தெரியாது. மகனை அறைந்ததைச் சொல்கிற இடத்தில் அவன் கன்னம்தான் லேசாக நடுங்கியது, அடி வாங்கினது அவன் என்பதுபோல. பிள்ளையின் பெயரைச் சொல்லுமுன் கண் ஒருமுறை கதவுப்பக்கம் போய்விட்டு வெட்கப்பட்டுத் திரும்பியது. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அந்தக் கண்ணில் ஒரு பிள்ளை இருந்தது. இதையெல்லாம் எந்தக் காகிதத்திலும் யாரும் எழுதவில்லை, நான் அவனுக்குக் கொடுக்கவுமில்லை. இவ்வளவு நாளாக அவனுக்கு எல்லாவற்றையும் ஊட்டியவள் நான் என்று நினைத்திருந்தேன். நான் கொடுத்தது வெறும் சொல்தான்.

கடைசி வரிக்கு வந்தான். என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் உதடு அசையவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நான் வேலையில் இருக்கிறேன் என்பதே நினைவில்லை, அவ்வளவுதான். அவன் காத்திருந்தான். என் வாயையே பார்த்தான், பிறகு கண்ணைப் பார்த்தான். அங்கே ஏதோ நடக்கிறது என்று கண்டிருப்பான் போலிருக்கிறது, மறுபடி பயத்தோடு வாய்க்கு வந்தான். டீத் தம்ளர் மேல் வைத்திருந்த அவன் விரல் மெதுவாக விலகியது. எவ்வளவு நேரம் போனதோ. யாரும் இருமவில்லை.

"போதும்" என்றான் நார்மன். கொஞ்சம் பொறுத்து, "எடுத்தாச்சு" என்றான்.

"கடைசி வரி பாக்கி இருக்கே?" என்று மெய்லெக் எழுந்தான்.

"இருக்கட்டும், மிஸ்டர் ஸ்ட்ரால். இருக்கட்டும்."

திரும்புகிற ரயிலில் அவன் என்னிடமிருந்து ஒரு ஆள் இடம் தள்ளி உட்கார்ந்தான். நார்மன் மரியாதைக்காக அப்படிச் சொல்லி அனுப்பிவிட்டான், வேஷம் போயே போய்விட்டது என்று அவனுக்குத் தீர்மானம். ஆற்றைக் கடந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"வேணும்னே பண்ணினியா?"

"இல்லை."

"பின்னே? பிளேக் வந்த ஊர்லயும், உங்கப்பா செத்த அன்னிக்கும் ஒரு வரி விடாதவ நீ. இன்னிக்கு என்னடி கேடு? நடுக்கடல்ல கொண்டுபோய் விட்டுட்டியே!"

"உன்னைப் பார்த்துட்டிருந்தேன்."

"நல்லா இருக்கு கதை. நாப்பது வருஷமா பார்க்காத மூஞ்சியா?"

"ஆமா" என்றேன்.

அவன் எங்கள் நிறுத்தம் வரும்வரை எதிர் ஜன்னலில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். வீட்டுக்குப் போனதும் தொண்டை விஷயத்தைச் சொன்னேன். இனிமேல் என்னால் ஆகாது என்றேன். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "சரி" என்றான். அவ்வளவுதான். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. நான் டாக்டர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். அவன் காலையில் சவரத்துக்குப் போனால் கதவைத் தாழிட்டுக்கொள்வான், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே முணுமுணுப்பான். என்னைத்தான் திட்டுகிறான் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு டெலிவிஷன்காரர்கள் கூப்பிட்டார்கள், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டான். உடம்புக்கு ஒன்றுமில்லை. வெறுங்கையோடு மேடையேற அவனுக்குப் பயம். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றும்போது மட்டும் பக்கத்தில் வந்து நிற்பான்.

படம் வந்தது. யோஸ்ல் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தான். "உன் மௌனத்தைப் பத்தி ஒரு பாரா முழுக்க எழுதியிருக்கான்யா! நீ வசனத்தைத் தொலைச்சிட்டு முழிக்கறதுக்கு இங்கிலீஷ்ல மௌனம்னு பேரா? தெரிஞ்சிருந்தா நானும் எப்பவோ முழிச்சிருப்பேனே!" என்றான். போகும்போது மெய்லெக்கின் தோளைத் தட்டி, கண்ணேறு படாமல் தூ தூ தூ என்று துப்பிவிட்டுத்தான் போனான்.

ஒரு மதியக் காட்சிக்குப் போனோம். பதினான்காம் தெரு, பாதிக் கொட்டகை காலி. ஈரக் கோட்டு நாற்றம். மெய்லெக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தான். ஆரம்பத்தில் அவன் பெயர் வந்தது, நல்ல பெரிய எழுத்தில். நான் அவன் முழங்கையைத் தொட்டேன். அவன் நகரவில்லை.

அந்தக் காட்சி வந்தது. முதலில் இருட்டாக ஒரு பின்கொண்டையும் சால்வையும். இவ்வளவு நரை எனக்கு எப்போது வந்தது? அதைத் தாண்டி அவன் முகம், சுவர் அளவுக்கு. அவன் பேசினான், பிள்ளையை அறைந்ததைச் சொன்னான், கதவைப் பார்த்தான். கொட்டகையில் எங்கோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். வசனம் தீர்ந்தது. அந்த இரண்டு பெரிய கண்ணும் என் வாயைத் தேடிக்கொண்டு நின்றன. பார்க்கிறவர்களுக்கு அது எப்படியிருந்ததோ தெரியாது. எனக்கு அவனை அப்படி நிறுத்திவிட்டு நான் போய்விட்டேனே என்று இருந்தது. இனி யார் எத்தனை தடவை பார்த்தாலும் அவன் அங்கே அப்படித்தான் நிற்பான். என் உதடு தானாக அசையப் போனது. தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அப்போது என் காதோரம் சூடாக ஒரு மூச்சு பட்டது. சவரச் சோப்பு வாசனை.

"டீ ஆறிப்போச்சு" என்றான் மெய்லெக். மெதுவாக, நான் மேடையில் எடுத்துக் கொடுக்கிற அதே கிசுகிசுப்பில், ஒரு எழுத்து பிசகாமல். ஒரு மூச்சு விட்டான். "குடி."

எங்களுக்கு முன்னால் இருந்த பெண் திரும்பி, உஷ் என்றாள். நான் அவன் பக்கம் திரும்பவில்லை. திரையில் அவன் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், தம்ளரிலிருந்து விரலை எடுக்கிற நேரம். பக்கத்தில் அவன் அந்த முழுப் பக்கப் பேச்சையும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான், குழாய்ச் சத்தத்துக்குள் முணுமுணுத்த அதே குரலில்.